நீலத் திரையில் விழுந்த கோடுகள்

றிஸ்னாவுக்குக் கடல் காலில்தான் தெரியும். சாய்ந்தமருதில் கடற்கரை வீதிக்கு மூன்றாவது குறுக்குத் தெருவில் அவளுடைய வீடு. மாரி காலத்தில் அலை ஓங்கி அடிக்கும்போது சீமெந்துத் தரை மிக மெல்லியதாக நடுங்கும். மற்றவர்களுக்கு அது தெரியாது. றிஸ்னா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "இண்டைக்குக் கடல் பெருசு" என்பாள். வீட்டில் இருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். பெரிதாகத்தான் இருக்கும்.

எட்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவளுடைய கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு போனது. இப்போது அவளுக்கு முப்பத்தாறு. எட்டு வயதுவரை சேர்த்துவைத்த சொற்களும், அதன் பிறகு மனிதர்களின் உதடுகளில் வாசித்துப் பழகிய சொற்களும் அவளிடம் இருந்தன. அவளும் கதைப்பாள். ஏற்ற இறக்கம் இல்லாத, நேர்கோடு போன்ற குரல். புதிதாக வருகிறவர்களுக்கு அது பிடிபடச் சற்று நேரமாகும். அபாயா தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் ஒரு வார்த்தையும் கதைக்காமல் போவது றிஸ்னாவுக்கு வருத்தம்தான். ஆனால் சொல்லமாட்டாள்.

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். நிந்தவூரிலிருந்து வந்த மசூர் ஓர் உடுப்புப் பையோடும் இரண்டு அட்டைப் பெட்டிகளோடும் வந்தான். ஒரு பெட்டியில் பழைய கணினி. மற்றதில் ஒரு றேடியோப் பெட்டி, ஒலிவாங்கி, சுருள் சுருளாகச் செப்புக் கம்பி. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் அவன் முற்றத்துத் தென்னையில் ஏறிக் கம்பியைக் கட்டினான். றிஸ்னாவின் உம்மா அஸீஸா கீழே நின்று பார்த்துவிட்டு, மருமகன் புது ரீவிக்கு அன்ரெனா கட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

மசூர் கல்முனை பஸாரில் ரீவியும் போனும் திருத்துகிற கடை வைத்திருந்தான். எங்கெங்கோ இருப்பவர்களோடு கம்பியில்லாமல் கதைக்கிற அமெச்சூர் றேடியோ அவனுடைய பைத்தியம். அரசாங்கம் கொடுத்த உரிமமும், றேடியோவில் பெயராகச் சொல்லும் அழைப்புக் குறியும் அவனுக்கு இருந்தன. கடை பூட்டி வந்தால் பின்னேரம் முழுவதும் மூலை அறையில் ஒலிவாங்கியோடுதான். மற்றப்படி நல்ல மனிதன். கல்யாணத்துக்கு முதல் வாரம் பெண்ணின் வீட்டுக்கு வந்தவன், தன் மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மேலுதட்டை றிஸ்னா தேடுவதைக் கண்டான். அடுத்த தரம் வந்தபோது தாடி இருந்தது, மீசை இல்லை.

ஆனால் றேடியோவோடு கதைக்கும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். தையல் மெஷினில் இருந்து பார்த்தால் முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகு குலுங்கினால் சிரிக்கிறான் என்று தெரியும். யாரோடு, எதற்கு என்று தெரியாது. "அந்த அறைக்குள்ள உங்களுக்கு ஒரு ஊர் இரிக்கி. எனக்குத்தான் வழி தெரியா" என்று ஒருமுறை சொன்னாள். அன்று மசூர் றேடியோவைப் போடவில்லை. மறுநாள் போட்டான். அப்படியே ஆறு வருடம் போனது.

ஒரு மாரி காலத்து வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்து சோறும் தின்றுவிட்டு மசூர் கணினிக்கு முன்னால் இருந்தான். குரலுக்குப் பதில் எழுத்துகளை அனுப்பும் முறை ஒன்றில் நண்பர்கள் சிலர் அன்று சந்திப்பதாக இருந்தது. றேடியோவின் ஒலியைக் கணினி வாங்கி, மென்பொருள் ஒன்று அதை எழுத்தாக மாற்ற வேண்டும். எதைத் திறந்தாலும் ஒன்றும் வரவில்லை. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. மசூர் மேசையில் ஓங்கி அடித்தான். அந்த அடி தரை வழியாக றிஸ்னாவின் காலுக்கு வந்தது.

அவள் எழும்பிப் போய் அவன் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் நின்று அதைப் பார்த்ததில்லை. திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. அவள் நூல்கட்டைகளை நிறம் பார்த்து, நிறத்துக்குள் தடிப்புப் பார்த்து அடுக்கி வைக்கிறவள். அதைப் பார்க்க அவளுக்கு உடம்பு வலித்தது.

"என்ன இது? எல்லாத்தையும் கொட்டி வெச்ச மாதிரி."

மசூர் அவள் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னான். "எல்லாம் றேடியோட புரோகிராம். இணையத்தில காணுறதையெல்லாம் இறக்கினது. எது எதுக்கெண்டு இப்ப எனக்கே தெரியா."

"தள்ளுங்க. நான் அடுக்கித் தாறன்."

"உனக்கு இது விளங்குமா?"

"துணியா இரிந்தா என்ன இதா இரிந்தா என்ன. முதல்ல எத்தினை இரிக்கெண்டு பார்க்கோணும்."

எண்பத்து மூன்று இருந்தன.

அடுத்த நாள் அவள் பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகிற கோடு போட்ட கொப்பி ஒன்றை வாங்குவித்தாள். மசூர் கடைக்குப் போன பிறகு, காலைத் தையல் முடிந்து, மத்தியானச் சமையல் முடிந்து, ஊர் உறங்குகிற அந்த இரண்டு மணித்தியாலமும் கணினிக்கு முன்னால் இருந்தாள். ஒவ்வொரு மென்பொருளாகத் திறப்பாள். பெயர், என்ன வேலை செய்கிறது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, இதே வேலையைச் செய்கிற வேறொன்று இருக்கிறதா என்று கொப்பியில் எழுதுவாள். ஆங்கிலம் வாசிப்பாள், தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பாள். செய்மதி எப்போது தலைக்கு மேலால் போகும் என்று சொல்லுகிறது ஒன்று. சூரியனில் இன்று எத்தனை கரும்புள்ளி என்று சொல்லுகிறது இன்னொன்று. மூன்றாவதில் உலகப்படம், அதன்மேல் இரவு ஒரு சாம்பல் போர்வையாகக் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒருநாள் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

ஒரே மென்பொருளின் பழைய பதிப்புகள் மூன்று நான்கு கிடந்தன. அவற்றையும், ஒரே வேலையைச் செய்கிற மற்றவற்றையும், ஒருபோதும் திறக்காதவற்றையும் களைந்தாள். றேடியோவை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளப் பார்த்த இரண்டுதான் அன்றைய தொல்லைக்குக் காரணம் என்று கண்டுபிடித்து, ஒன்றை மற்றதற்கு வழிவிடச் செய்தாள். மீந்த பத்தொன்பதையும் செய்கிற வேலைப்படி நான்கு கோப்புறைகளில் போட்டு, தமிழில் பெயர் வைத்தாள்: கேட்க, அனுப்ப, வானம் பார்க்க, எழுதி வைக்க.

எழுதி வைக்கிற பகுதிதான் அவளை வாட்டியது. மசூர் யார் யாரோடு கதைத்தான் என்ற பதிவேடு நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது. ஒன்றாகச் சேர்த்தால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தரம் வந்தார், ஐந்தரை மணித்தியால இடைவெளியில். இரண்டு நாள் யோசித்துப் பிடித்தாள். றேடியோக்காரர்கள் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். மசூர் பாதியை அந்த நேரத்திலும் பாதியை இலங்கை நேரத்திலும் எழுதியிருக்கிறான்.

அன்று அவன் வந்து கதிரையில் இருந்ததும் கொப்பியை முன்னால் வைத்தாள். "நீங்க ஒரு ஆளோட கதைச்சிட்டு, ஐஞ்சரை மணித்தியாலத்துக்குப் பிறகு மறுகா அதே ஆளோட அதையே கதைச்சிரிக்கீங்க."

மசூர் வாசித்துவிட்டுச் சிரித்தான். இந்தத் தடவை அவன் சிரிப்பது முகத்தில் தெரிந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, மத்தியானம். மழை விட்டிருந்தது. கேட்க என்ற கோப்புறையில் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யாத ஒரு மென்பொருளைத் திறந்தாள். றேடியோ ஏற்கெனவே போட்டிருந்தது. திரையின் மேல்பாதி கடும் நீலமாகியது. பிறகு அந்த நீலம் மேலிருந்து மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது. அதற்குள் மஞ்சள் கோடுகள். சில தடிப்பாக, சில மயிரிழை போல. நனைந்த யன்னல் கண்ணாடியில் வெளிச்சம் வழிகிறது போல இருந்தது. ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒலிபெருக்கியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரே சீரான அதிர்வு, வேறொன்றும் இல்லை. பதினைந்து விநாடி முடிந்ததும் கோடுகள் ஒன்றாக நின்றன. கீழே வரி வரியாக எழுத்துகள் வந்தன. ஓர் அழைப்புக் குறி, பக்கத்தில் நாட்டின் பெயர். இந்தோனேசியா. உக்ரைன். ஜப்பான். கென்யா. மறுபடி கோடுகள் விழுந்தன. மறுபடி எழுத்துகள்.

அவளுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியபோது கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கோடும் ஓர் ஆள். எங்கோ ஓர் அறையில் இருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அது கடலைக் கடந்து வந்து, தென்னையில் கட்டிய கம்பியில் இறங்கி, இங்கே வெளிச்சமாக விழுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். ஒருவர் கதைப்பது மற்றவருடையதை மறைக்கவில்லை. சந்தையில், கல்யாண வீட்டில், எத்தனையோ உதடுகள் ஒன்றாக அசையும்போது எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தலைகுனிந்து இருந்தவள் அவள். இங்கே ஒருவரையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மசூர் வரும்வரைக்கும் அவள் எழும்பவில்லை. தைக்கவேண்டிய அபாயா மெஷினில் அப்படியே கிடந்தது.

அவன் வந்ததும் விரலால் காட்டினாள். "இத்தினை பேர் கதைக்கிறாங்களா?"

"ஓம். இதைத்தான் நான் அண்டைக்குத் திறக்கப் பார்த்தன்" என்றவன், எழுத்துகளை வாசித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றான். தென்னமெரிக்காவின் சிலி என்றிருந்தது. நம்பாமல் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வெகுநேரம் கேட்டான். கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"இரைச்சல் மட்டும்தான் கேக்குது. இந்த ஆள் இரைச்சலுக்குக் கீழ இரிக்கார். என்ட காதுக்கு எட்டல்ல."

"எனக்குத் தெரியுது" என்றாள் றிஸ்னா. நீலத்துக்குள் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத ஓர் இழையைத் தொட்டுக் காட்டினாள்.

மசூர் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். திரையில் நீலம் இறங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன், "இந்தப் பொத்தானை அமத்து. அவருக்கு எங்கட பதில் போகும்" என்றான்.

"அமத்த மாட்டன். இது உங்கட பேர். உங்கட பேரில நான் ஏன் கதைக்கோணும்? எனக்கெண்டு ஒண்டு எடுக்க ஏலாதா?"

அதை மசூர் ஒருபோதும் யோசித்திருக்கவில்லை. "பரீட்சை எழுதோணும், கொழும்பில" என்றான்.

"எழுதுவன்."

பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று அறிந்ததும் அஸீஸா உம்மா வந்தார். அடுக்களை வாசலில் நின்று, முகத்தை மகளுக்குக் காட்டாமல், மருமகனிடம் கேட்டார். "காது கேளாத புள்ளைக்கு என்னத்துக்கு மகன் றேடியோ? ஊர் சிரிக்காதா?" எதிரே அலுமாரியின் கண்ணாடியில் உம்மாவின் வாயை றிஸ்னா பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா அதைக் கவனிக்கவில்லை.

மசூர் சொன்னான், "உம்மா, என்ட காதால ஏலாததை இவ கண்ணால செய்யிறா. வந்து பாருங்க."

உம்மா போய்ப் பார்க்கவில்லை. ஆனால் கொழும்புப் பயணத்துக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

பரீட்சையில் மேற்பார்வைக்கு நின்றவர் விதிகளை வாயால் அறிவித்தார். றிஸ்னா எழும்பித் தன்னுடைய நேர்கோட்டுக் குரலில், "சேர், எனக்குக் கேக்காது, எழுதித் தாங்க" என்றாள். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கரும்பலகைக்குப் போய் முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, திரும்பி, சரியா என்பது போல் தலையை ஆட்டிக் கேட்டார். இரண்டு மாதத்தில் உரிமம் தபாலில் வந்தது. அழைப்புக் குறியை அவள் ஒரு வெள்ளைத் துணியில் பச்சை நூலால் தைத்து, திரைக்கு மேலே சுவரில் குத்தினாள்.

முதல் மாதம் அவள் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு தொடர்புகொண்டாள். ஆனால் அந்த நீலத் திரை முறையில் அழைப்புக் குறியும் சமிக்கையின் வலுவும்தான் போகும். சலாம் சொல்லிக் கைகொடுத்துப் போவது போல. அவளுக்குக் கதைக்க ஆசை வந்தது. அனுப்ப என்ற கோப்புறையில், விரும்பியதை விசைப்பலகையில் அடித்து அனுப்பும் மென்பொருள் ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கம் அடிப்பது ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்து வரும்.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. மசூர் வெளி அறையில் பாயில் சரிந்து கிடந்தான். ஜப்பானின் வடக்குத் தீவிலிருந்து தொஷியோ என்பவர் றிஸ்னாவின் அழைப்புக்குப் பதில் தந்தார். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவராம். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறைதான்; அதனால் இருவருக்கும் அது போதுமாக இருந்தது. பெயர், ஊர், கம்பியின் உயரம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் அடித்தார்:

"இங்கே பனி பெய்கிறது. பனி பெய்யும்போது எங்கள் ஊரில் சத்தமே இல்லை. உங்கள் ஊரில் இப்போது என்ன சத்தம் கேட்கிறது?"

றிஸ்னா விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி இருந்தாள். இத்தனை பேருக்குப் பிறகு ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். கடல் என்று அடித்துவிட்டுப் போகலாம். அது பொய்யும் ஆகாது. ஆனால் அவளுக்கும் திடீரென்று அறிய ஆசையாக இருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று அடித்துவிட்டு ஓடிப்போய் மசூரை உலுப்பினாள்.

"இஞ்சருங்க, எழும்புங்க. வெளியில போய் என்ன சத்தம் இரிக்கெண்டு கேட்டு வாங்க. சுறுக்கா."

"என்ன சத்தம்?"

"எல்லாச் சத்தமும்."

மசூர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்தில் போய் நின்றான். வந்து, "காகம். கடல்" என்றான்.

"அவ்வளவுதானா? கடல் எப்பிடி? அடிக்கிற சத்தமா, இழுக்கிற சத்தமா?"

அவன் மறுபடி போனான். இந்தத் தடவை வெகுநேரம் நின்றான். யன்னலுக்குள்ளால் றிஸ்னா அவனைப் பார்த்தாள். வெறுங்காலோடு, தலையை ஒருபக்கம் சாய்த்து, தென்னை நிழலில் அசையாமல் நின்றான். ஆறு வருடம் சுவரைப் பார்த்துக் கதைத்த மனிதன் வாயை மூடிக்கொண்டு தனக்காகத் தெருவைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பி வந்து அவளுக்கு நேரே இருந்து, உதட்டைத் திருத்தமாக அசைத்துச் சொன்னான். "அலை அடிக்கிற சத்தம் சின்னன். திரும்பி இழுக்கக்குள்ளதான் சத்தம், சுளகில அரிசி கொழிக்கிற மாதிரி. யாரோ தேங்காய் திருவுறாங்க. பாண் விக்கிற ஓட்டோ ரெண்டு தெருவுக்கு அங்கால பாட்டுப் போட்டுட்டுப் போகுது. பக்கத்து வீட்டு முகம்மது தம்பிர ஆடு கத்துது. மறுகா... இந்த வீட்டு ஃபேன் ஒரு சுத்துக்கு ஒருக்கா டிக்கெண்டுது. இவ்வளவு நாளும் நான் கவனிக்கல்ல."

அவள் ஒன்றையும் விடாமல் அடித்தாள். அடித்து முடித்து, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "எனக்குக் காது கேட்காது. என் கணவர் வெளியே போய்க் கேட்டு வந்து சொன்னார்" என்றும் அடித்தாள்.

பதில் உடனே வரவில்லை. சமிக்கை தேய்ந்துகொண்டிருந்தது. கோடு மங்கி, இருந்து, மறுபடி மங்கியது. குப்பை எழுத்துகள் சில வந்தன. பிறகு தெளிவாக ஒரு வரி வந்தது:

"கணவருக்கு நன்றி. அந்த ஆட்டுக்கு என்ன வயது?"

அதோடு கோடு மறைந்துவிட்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. றிஸ்னா சிரித்தாள். சத்தமாகத்தான் சிரித்திருக்க வேண்டும். உம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

பின்னேரம் மசூர் பக்கத்து வீட்டு வேலிக்குப் போய் முகம்மது தம்பியிடம் ஆட்டின் வயதைக் கேட்டான். விலைக்குக் கேட்கிறான் என்று நினைத்த முகம்மது தம்பி, "இதை நான் குடுக்கிற இல்ல" என்றார்.

"வாங்கிறதுக்கு இல்ல, முகம்மது நானா. ஜப்பானில ஒருத்தர் கேக்கிறார்."

முகம்மது தம்பி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு வயசு முடிஞ்சிட்டு, நோன்புக்கு அங்கால மூணு" என்றார். தொடர்பை உறுதிசெய்து அனுப்பும் அட்டையில் றிஸ்னா அதையும் எழுதித் தபாலில் போட்டாள்.

பதிவேட்டு மென்பொருளில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு. மசூர் அதைத் தொட்டதே இல்லை. றிஸ்னா இப்போது ஒவ்வொரு தொடர்புக்கும் எதிரே அந்த நேரத்துச் சத்தத்தை எழுதி வைக்கிறாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் எனக்கும் ஒருநாள் வாசிக்கத் தந்தாள். பிரேசில்: மழை தகரத்தில், முதலில் தனித்தனியாக, பிறகு ஒன்றாக. துருக்கி: அஸர் தொழுகைக்கான பாங்கு இரண்டு பள்ளிவாசலில், ஒன்றின் வால் மற்றதின் தலையில். மொறீசியஸ்: ஒன்றுமில்லை, மசூர் இரண்டு தரம் போய்ப் பார்த்தார், ஒன்றுமே இல்லை என்கிறார்.

கல்முனையில் கடை வேலை குறைந்த நாட்களில் மசூர் மத்தியானமே வந்துவிடுகிறான். அவனுடைய ஒலிவாங்கியும் அங்கேதான் இருக்கிறது; அவனும் கதைக்கிறான். இப்போது கதிரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறான். போன கிழமை நான் அவர்களுடைய தெருவால் போனபோது அவன் வாசல் படலைக்கு உள்ளே தனியாக நின்றுகொண்டிருந்தான். எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இல்ல, சும்மா கேட்டுட்டு நிக்கிறன்" என்றவன், கையைக் காட்டி என்னையும் கதைக்கவேண்டாம் என்றான். நானும் நின்றேன். தூரத்தில் யாரோ பாய் உதறினார்கள். காற்று ஓலையில் ஏறி இறங்கியது. யன்னலுக்கு உள்ளே றிஸ்னாவின் முகத்தில் நீல வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.